ஒதுக்கப்பட்ட இளையோருக்குக் கலைக்குழு: ஓராண்டு நடத்தும் முறை

வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அறை, அதே இரண்டு பெரியவர்கள். இந்த நான்கையும் ஓராண்டுக்கு உறுதி செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் குழுவைத் தொடங்காமல் இருப்பதே அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் நன்மை. வீடு மாறி, பள்ளி மாறி, காப்பகம் மாறி வளர்ந்தவர்களுக்கு, வருவதாகச் சொன்னவர் வராமல் போவது பழகிப்போன ஒன்று. அந்த வரிசையில் நாமும் ஒருவராகச் சேரக் கூடாது.

ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை எண்களோடு காட்டியது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை நிற்பதே வழிகாட்டி உறவு; அது ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்தால்தான் இளையோருக்குப் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஆகவே அறை வாடகை, பொருள்செலவு, ஆட்கள் எல்லாவற்றையும் 12 மாதக் கணக்கில் போடுங்கள். கையில் மூன்று மாதப் பணம்தான் இருக்கிறதா? முடியும் தேதியை முதலிலேயே சொல்லி, 12 வாரப் பட்டறையாக நடத்துங்கள். வழிகாட்டி ஏற்பாட்டை அப்போது தொடவே வேண்டாம்.

இங்கே எழுதியிருப்பது 13 முதல் 19 வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்து: படிப்பை விட்டவர்கள், காப்பகத்தில் வளர்பவர்கள், அகதிக் குடும்பத்தவர், மாற்றுத்திறனாளிகள், சாதியாலோ நிறத்தாலோ பாலினத்தாலோ ஒதுக்கப்பட்டவர்கள், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். இது கலைச் சிகிச்சை அல்ல. அதற்கெனப் படித்துத் தகுதி பெற்றவர் குழுவில் இல்லாதபோது 'தெரபி' என்ற சொல்லை நோட்டீஸில்கூடப் போடாதீர்கள்.

ஆட்களும் அறையும்

ஒரு குழுவுக்கு 8 முதல் 12 பேர். 6 பேருக்குக் கீழே போனால், இருவர் வராத நாளில் அறை வெறிச்சோடி, வந்தவர்கள்மேல் எல்லார் கண்ணும் விழும். 12-ஐத் தாண்டினால் சத்தமாகப் பேசுபவர்களே நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் எப்போதும் இருவர். ஒருவர் கலையை நடத்துவார், மற்றவர் முகங்களைக் கவனிப்பார். யாராவது சட்டென்று எழுந்து வெளியே போனால் பின்னால் போவது இரண்டாமவர் வேலை. மூன்றாவதாக ஒருவரையும் தயாராக வைத்திருங்கள். குறைந்தது மூன்று அமர்வுகளில் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பழகியவராக அவர் இருக்க வேண்டும். காய்ச்சல் யாருக்கும் வரும். அன்றைக்குப் புதுமுகம் ஒன்று வந்து நின்றால் அந்த அமர்வு வீண்.

அறைக்கு ஒரு கதவு போதும், ஆனால் அது பிள்ளைகள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடி, வன்முறை பார்த்து வளர்ந்தவர்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலி வருமா என்பதை அளந்தே பாருங்கள்: கதவின் அகலம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. போக வர ஆகும் செலவைக் குழுவே கொடுக்கட்டும். சாப்பிட ஏதாவது முதல் 10 நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் தருவதாக வைத்தால் பசியோடு வந்தவர் 80 நிமிடம் கடிகாரத்தையே பார்ப்பார்.

வரவழைப்பது

'பாதிக்கப்பட்ட இளையோருக்கு' என்று எழுதிய நோட்டீஸைப் பார்த்து யாரும் வர மாட்டார்கள். என்ன செய்யப் போகிறோமோ அதையே எழுதுங்கள்: பாட்டு எழுதலாம், பீட் போடலாம், சுவரோவியம் வரையலாம். அவர்கள் கூடும் இடத்துக்கு, அவர்கள் நம்பும் ஒருவரோடு போய்ச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பதிவே வேண்டாம், வந்து பார்க்கட்டும். யாரோ கட்டாயப்படுத்தி அனுப்பிய பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்தால் அதற்கும் இடம் கொடுங்கள். பெரும்பாலும் மூன்றாம் நான்காம் வாரத்தில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்.

வருகை சீராக இருக்காது. வராதவருக்கு அனுப்பும் செய்தியில் காரணம் கேட்காதீர்கள். 'உன் இடம் அப்படியே இருக்கு, அடுத்த வாரம் அதே நேரம்' என்ற அளவு போதும். மூன்று வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால் நேரில் போய் விசாரியுங்கள்.

முதல் நாள்

எப்படி அழைப்பது என்பதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் 'டேய்' போட்டுக் கூப்பிட்ட 17 வயதுப் பையனுக்கு 'நீங்க' என்ற ஒரு சொல் பெரிய மரியாதை. அதே சொல் இன்னொருத்திக்கு, 'இவங்க நம்மகிட்ட ஒட்ட மாட்டாங்க' என்று படும். ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரைவிட அவர் சொல்லும் பெயரே குழுவில் அவர் பெயர்; திருநர் பிள்ளைகள் நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. உங்களை அக்கா, அண்ணா என்று அழைக்கலாம். 'சார்', 'மிஸ்' என்றால் பள்ளிக்கூடம் உள்ளே நுழைந்துவிடும். பள்ளியில் அவமானப்பட்டவர்கள் இவர்களில் அதிகம்.

விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒன்றை மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும்: எதற்கும் 'பாஸ்' சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதோடு ரகசியத்தின் எல்லையையும் அன்றைக்கே சொல்லுங்கள். 'இங்க பேசுறது இங்கேயே இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவ முடிஞ்ச ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும். உனக்குத் தெரியாம சொல்ல மாட்டோம்.' இதை முதல் நாள் சொல்லாமல் விட்டு, பிறகு ஒரு நாள் வெளியே சொல்ல நேர்ந்தால், அது துரோகமாகத்தான் தெரியும்.

90 நிமிடம்

வந்து சேரவும் சாப்பிடவும் 10 நிமிடம். அன்றைய மனநிலையை ஒரு நிறமாகவோ 1 முதல் 5 வரை ஓர் எண்ணாகவோ சொல்ல 10. உடம்பையோ குரலையோ இளக்கும் விளையாட்டு 10. செய்வதற்கு 45. காட்ட விரும்புபவர்கள் காட்ட 10. முடிக்க 5. இதில் எதை வெட்டினாலும் கடைசி 5 நிமிடத்தை வெட்டாதீர்கள். மனதைத் திறந்துவிட்டு மூடாமல் அனுப்பினால், அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு தனியாகத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். முடிப்பது எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்: வட்டமாக நின்று, ஆளுக்கொரு சொல், பிறகு சேர்ந்து ஒரு கைதட்டு.

எந்தப் பொருளை எப்போது கொடுப்பது

10 பேருக்கு 12 வாரத்துக்கு: 150 ஜி.எஸ்.எம். கனமுள்ள ஏ3 தாள் 160 (ஆளுக்கு 12, மிச்சம் கிழிப்பதற்கும் மறுபடி தொடங்குவதற்கும்), 2பி பென்சில் 20, 25 நிற ஆயில் பேஸ்டல் 5 பெட்டி, போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம் தலா 250 மில்லி, வெள்ளை 500 மில்லி, 12-ஆம் எண் தட்டை பிரஷும் 6-ஆம் எண் உருண்டை பிரஷும் பத்துப் பத்து, வெள்ளைப் பசை ஒரு லிட்டர், பழைய பத்திரிகைகள் 30, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் 6. கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பிளேடும் கட்டரும் வேண்டாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் யாருக்கு உண்டு என்பது நமக்குக் கடைசியில்தான் தெரியவரும். பொருள் மட்டமாக இருந்தால், வரைபவர் தன் கைதான் மட்டம் என்று நினைத்துக்கொள்வார். தாளிலும் பிரஷிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வரிசை முக்கியம். கலைச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த சாண்ட்ரா காகினும் விஜா லூஸ்பிரிங்கும் 1978-இல் முன்வைத்த ஒரு பார்வை இங்கே மிகவும் பயன்படும்: பென்சில், கொலாஜ் (படத் துண்டுகளை அடுக்கி ஒட்டுவது) போன்ற கெட்டியான பொருள்கள் கைக்கு அடங்கும், நீர் வண்ணம், ஈரக் களிமண் போன்றவை ஓடும், குழையும், உணர்ச்சியையும் சேர்த்து இளக்கும். முதல் வாரமே ஈர வண்ணத்தைக் கொட்டிக் கொடுத்தால் சிலர் கட்டுப்பாட்டை இழந்து தாளைக் கிழித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே முதல் மூன்று வாரம் கொலாஜ், பென்சில். பிறகு பேஸ்டல். ஐந்தாம் வாரத்துக்குப் பின் பெயின்ட். களிமண் அதற்கும் பிறகு.

கொலாஜில் தொடங்குவதற்கு இன்னொரு காரணம், 'எனக்கு வரைய வராது' என்று யாரும் சொல்ல முடியாது. படங்களை முன்கூட்டியே கிழித்து மேஜைக்கு 40, 50 என்று பரப்பி வையுங்கள். முழுப் பத்திரிகையைக் கொடுத்தால் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள். காரணம் யோசிக்காமல், கண்ணை இழுக்கும் மூன்று படத்தை எடுக்கட்டும். கத்தரிக்கோல் இல்லாமல் கையால் கிழிக்கட்டும். நேர்கோடு வராது என்று தெரிந்ததும் சரியாக வெட்ட வேண்டும் என்ற பயம் போய்விடும். பசையைக் கடைசி 10 நிமிடம் வரை எடுக்காதீர்கள். ஒட்டிய படம் நகராது. நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பேச்சு தானாக வரும், அதுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டு.

பெயின்ட் வாரங்களில் ஒன்றை 'என் நிறம்' என்று ஒதுக்குங்கள். கடையில் விற்கும் சில வண்ணப் பெட்டிகளில் 'தோல் நிறம்' என்று ஒரு வெளிர் இளஞ்சிவப்பு இருக்கும். அந்தப் பெயர் போட்ட பேப்பரை உரித்துவிடுங்கள். ஆளுக்கொரு தட்டில் மஞ்சள் 2 துளி, சிவப்பு 1 துளி கலந்தால் ஆரஞ்சு. அதில் நீலத்தைத் தீக்குச்சி முனையளவு தொட்டுத் தொட்டுச் சேர்த்தால் பழுப்பு பிறக்கும். ஆழமாக்க இன்னும் கொஞ்சம் நீலம். கறுப்பைச் சேர்த்தால் நிறம் செத்துப்போகும். வெளுப்பாக்க வெள்ளை மட்டும் போட்டால் சுண்ணாம்பு பூசியது போலாகும், கூடவே மஞ்சளும் தேவை. தாளில் ஒரு கோடு இழுத்து, காய்ந்த பிறகு முன்கையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் நிறம் மாறும் என்பதால் ஈரத்தில் பார்ப்பது ஏமாற்றும். கிடைத்த நிறத்துக்கு அவரவரே பெயர் வைக்கட்டும். ஒருவர் கையோடு ஒருவர் கையை ஒப்பிட விடாதீர்கள். 'கருப்பு' என்று யாராவது கேலியாகச் சிரித்தால் அடுத்த நொடியே நிறுத்துங்கள். மெதுவாக, பெயர் சொல்லி, எல்லார் முன்பும். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தச் சிரிப்புக்கு நீங்களும் சம்மதித்ததாகிவிடும்.

பாட்டும் எழுத்தும்

நிமிடத்துக்கு 90 தாள அடியில் ஒரு பீட் போடுங்கள், செல்போனில் இலவசச் செயலியே போதும். ஒரு வரிக்கு 4 அடி, 16 வரி ஒரு சரணம். மொத்தம் 64 அடி, சுமார் 43 விநாடிதான் ஆகும். நான்கு பேர் ஆளுக்கு 4 வரி எழுதினால் ஒரு சரணம் தயார். தனியாக 16 வரி எழுதச் சொன்னால் பாதிப் பேர் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருப்பார்கள். முதல் சொல்லை நீங்கள் கொடுங்கள்: 'எங்க தெருவுல...', 'யாருக்கும் தெரியாது...' என்பது போல. 7 நிமிடம், கை நிற்கக் கூடாது. எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதட்டும், வேறு தாய்மொழி என்றால் அந்த மொழியில். எழுதப் படிக்க வராதவர் பேசிப் பதிவு செய்யலாம். அதற்காக அவரைத் தனியே அழைக்காமல், எல்லாருக்கும் இரண்டு வழியையும் சேர்த்தே அறிவியுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் முதல் வரைவில் விட்டுவிடுங்கள். ஒரு சாதியையோ பாலினத்தையோ குத்தும் சொல் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும்.

நாடகம்

பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு முறை இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்தும். அநியாயம் நடக்கும் 3 நிமிடக் காட்சி ஒன்றை நடித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்ப்பவர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் ஏறி வேறு வழியை முயன்று பார்க்கலாம். கொடுமை செய்பவரை மாற்றி நல்லவராக்கிவிடக் கூடாது. நிஜத்தில் அவர் அப்படி மாற மாட்டார், ஒத்திகை பார்ப்பது நிஜத்துக்குத்தான்.

யாருடைய சொந்தக் கதையையும் அப்படியே மேடையேற்றாதீர்கள். மூன்று நான்கு பேர் சொன்னதைக் கலந்து, கற்பனைப் பெயர் வையுங்கள். நடித்து முடித்ததும் பாத்திரத்தைக் கழற்ற வேண்டும்: கைகால்களை உதறி, 'நான் அந்த மேஸ்திரி இல்ல, நான்...' என்று தன் பெயரைச் சொல்லி, பிடித்த ஒன்றையும் சொல்லட்டும். கொடுமைக்காரர் வேடம் போட்ட பிள்ளைக்கு இது மிக அவசியம். இல்லையென்றால் அந்தப் பெயரே அடுத்த வாரமும் ஒட்டிக்கொள்ளும்.

நாம் செய்யும் பிழைகள்

அதிகம் பார்ப்பது படத்துக்கு அர்த்தம் சொல்வது. கறுப்பு நிறம் நிறையப் போட்டால் மனச்சோர்வு என்று எவரும் தீர்ப்பு எழுத முடியாது. பெட்டியில் கறுப்பு மட்டும் நீளமாக மிச்சமிருந்திருக்கலாம். 'இதைப் பத்திச் சொல்லணும்னு தோணுதா?' என்பதோடு நில்லுங்கள். அடுத்தது 'சூப்பர்' என்று எல்லாவற்றையும் புகழ்வது. பொய்ப் புகழ்ச்சியை இவர்கள் மூன்றே நொடியில் மோப்பம் பிடிப்பார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: 'இந்த மூலைல மட்டும் நாலு தடவ பூசியிருக்க.' தன் வேலையை ஒருவர் உண்மையிலேயே பார்த்தார் என்பது அதில் தெரியும்.

'உன் வாழ்க்கையிலேயே கஷ்டமான நாளை வரை' என்ற பயிற்சியைக் கொடுக்கவே கூடாது. வேதனை வர வேண்டுமானால் அதுவாக வரும், அதன் வேகத்தில்.

ஒருவர் உடையும்போது

பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்பது, மூச்சு மேலோட்டமாவது, பிரஷ் கையில் இருந்தும் அசையாமல் இருப்பது: சத்தம் போட்டு அழுபவரைவிட இவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரண்டாமவர் பக்கவாட்டில் உட்காரட்டும், தொட வேண்டாம். பெயர் சொல்லி அழைத்து, இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று கேளுங்கள். பார்க்கும் 5 பொருள், தொட முடிகிற 4, கேட்கும் 3 சத்தம், 2 வாசனை, 1 சுவை என்று மெல்லச் சொல்ல வைத்தால் கவனம் அறைக்குத் திரும்பும்.

யாராவது கொடுமையை வெளியே சொன்னால் கேளுங்கள், நம்புங்கள், துருவாதீர்கள். 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'அவன்தானே செஞ்சான்?' என்பது போல பதிலைக் கேள்விக்குள் வைப்பது பின்னால் விசாரணையையே கெடுக்கும். அன்றைக்கே, அவர் சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி, குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சாடையாகச் சொன்னாலும் நேராகவே கேளுங்கள்: 'தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், மனநல உதவி கிடைக்கும்வரை கூடவே இருங்கள். அந்த உதவி எண்களும் அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் தொடங்கும் முன்பே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

வழிகாட்டி

குழு தொடங்கி எட்டு வாரம் கழித்துத்தான் ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று வழிகாட்டியைச் சேர்க்க வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யாரோடு ஒட்டும் என்பது புலப்பட்டுவிடும். விருப்பமும் சுபாவமும் பொருந்துவது முதலில். பாலினத்தைப் பொறுத்தவரை பிள்ளை கேட்பதைக் கொடுங்கள். வழிகாட்டியாக வருபவரிடம் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, அவரை அறிந்த இருவரின் சான்று, ஒரு மணி நேர நேர்காணல், 6 மணி நேரப் பயிற்சி ஆகிய நான்கும் முடிந்திருக்க வேண்டும். நண்பரின் நண்பர் என்பதற்காக ஒன்றைக்கூடத் தளர்த்தாதீர்கள். பிள்ளைகளை வேட்டையாடுபவர்கள் தேடி வரும் இடம் இதுதான்.

வாரம் ஒரு மணி நேரம், பொது இடத்தில், 12 மாதம். முதல் மூன்று சந்திப்பில் அறிவுரை கூடாது. சேர்ந்து எதையாவது செய்யட்டும். பணம் கொடுப்பது, விலையுயர்ந்த பரிசு, இரவு செய்தி, தனிப்பட்ட சமூக வலைத்தளக் கணக்கில் பேச்சு ஆகியவை வேண்டாம். பிள்ளைக்கு நிஜமாகவே பணத் தேவை இருந்தால் வழிகாட்டி குழுவிடம் சொல்லட்டும், குழு வழி செய்யட்டும். கடன்பட்டவராக ஆன பிள்ளையால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. வழிகாட்டியோடு நீங்கள் முதல் மாதம் வாரம் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் பேசுங்கள். 'எப்படிப் போகுது?' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்லா போகுது' என்றுதான் பதில் வரும். 'கடைசியா எப்போ அவன் உங்களுக்கு மறுத்துப் பேசினான்?' என்று கேளுங்கள். மறுத்துப் பேசத் துணிவு வந்திருந்தால் உறவு நிலைத்திருக்கிறது.

காட்சிக்கு வைப்பது

பிள்ளைகளுக்கு எவ்வளவு உண்மையான பங்கு கிடைக்கிறது என்பதைக் காட்ட ரோஜர் ஹார்ட் 1992-இல் விளக்கிய பங்கேற்பு ஏணியில் 8 படிகள். அடியிலுள்ள மூன்று படிகளில் பிள்ளைகளின் பங்கேற்பே இல்லை. அவற்றில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'அலங்காரம்'. நன்கொடையாளர் விழாவில் பிள்ளைகளை நிறுத்திப் பாட வைப்பது பெரும்பாலும் அந்தப் படிதான். கண்காட்சி வேண்டுமா, எங்கே, யாரைக் கூப்பிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒரே படிவத்தில் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்காமல் நான்காகக் கேளுங்கள்: படைப்பை வைக்கலாமா, பெயர் போடலாமா, உங்கள் முகம் வரலாமா, இணையத்தில் ஏற்றலாமா. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலும் வேண்டும், ஆனால் பிள்ளை வேண்டாமென்றால் அதுவே இறுதி. வீட்டைவிட்டுத் தப்பி வந்தவரின் முகம் இணையத்தில் வந்தால் தேடுபவர் கண்டுபிடித்துவிடுவார். புகைப்படங்களில் இடக்குறியீட்டை (லொகேஷன்) அணைத்துவிடுங்கள். படைப்பு விற்றால் பணம் முழுவதும் படைத்தவருக்கு.

பலனைப் பார்ப்பது

உலகச் சுகாதார அமைப்பின் ஐந்து வாக்கிய நலக் குறியீடு எளிது, 5 நிமிடம் போதும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 25-க்கு. 13-க்குக் கீழே இருந்தால் அவரோடு தனியாகப் பேசி, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தொடக்கத்தில், ஆறாம் மாதத்தில், முடிவில் என்று மூன்று முறை எடுத்தால் போதும். நடுவில் எண் குறைந்தால் பதற வேண்டாம். நம்பிக்கை வந்த பிறகுதான் சிலர் உண்மையான எண்ணைப் போடுவார்கள்.

முடிக்கும் விதம்

கடைசி நாளுக்கு 8 வாரம் முன்பே தேதியைச் சுவரில் எழுதுங்கள். அதன்பின் சிலர் சண்டை இழுப்பார்கள், சிலர் வருவதை நிறுத்துவார்கள். விடப்படுவதற்கு முன் தானே விட்டுவிடும் பழைய தற்காப்பு அது. கோபப்படாமல் அதே நேரத்தில் அறையைத் திறந்து வையுங்கள். வழிகாட்டி தன் 12 மாதம் முடிந்த பிறகும் தொடர முடிந்தால் எவ்வளவு நாள், எப்படி என்று சொல்லட்டும். முடியாதென்றால் 'பார்க்கலாம்' என்று மழுப்பாமல் நேரில் விடை சொல்லட்டும். கடைசி அமர்வில் ஒவ்வொருவரின் படைப்புகளையும் முதல் வாரத் தாளிலிருந்து வரிசையாக ஒரு கோப்பில் அடுக்கி அவர் கையில் கொடுங்கள். அன்று வராதவர்களின் கோப்பில் பெயர் எழுதி, காய்ந்த இடத்தில் ஓராண்டு பத்திரமாக வையுங்கள். எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.